மணல் ஒட்டிய ஓவியம்: மொனேயின் 'துரூவில் கடற்கரை'

குளோட் மொனே 1870 கோடையில் வரைந்த 'துரூவில் கடற்கரை' சிறிய படம். அகலம் அரை மீற்றர்கூட இல்லை. இப்போது இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. நான் பிரதிகளில்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு வெறுங்கதிரை. வெள்ளை உடுப்பில் இருப்பவர் மொனேயின் மனைவி கமீல் என்று கருதப்படுகிறது. கறுப்பு உடுப்புக்காரி, மொனேக்கு வெளிவெளியில் வரையப் பழக்கிய ஓவியர் பூதானின் மனைவியாக இருக்கலாம். கமீலின் முகத்தில் கண், மூக்கைத் தேடினால் தெளிவாகக் கிடைக்காது. நிழல் விழுந்த இடம் ஒரு மங்கற்பூச்சு, அவ்வளவுதான். முகில்களும் அகலத் தூரிகையால் இழுத்துவிட்ட தீற்றல்கள்.

"இது முடிக்காத படமெல்லோ?" என்று கேட்கலாம். சாயத்துக்குள் கடற்கரை மணல் ஒட்டியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காற்றுக்குள்ளே, அந்த இடத்திலேயே வரைந்ததற்கு அது சாட்சி. ஆனால் மணல் ஒட்டியதால் மட்டும் படம் உயர்ந்துவிடாது. மோசமான படத்திலும் மணல் ஒட்டும். இங்கே எதை விடுவது என்ற தெரிவுதான் பெரிசு. முகத்தை விட்டவர், வெள்ளை உடுப்பில் வெயில் படும் இடத்தை விடவில்லை. அதைத் தடித்த சாயத்தால் அழுத்தி வைத்திருக்கிறார். கதிரையின் கறுப்புக் கோடுகள் இரண்டு பெண்களையும் பிரித்தும் வைக்கின்றன, சேர்த்தும் வைக்கின்றன.

அந்த ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சி மொனேயின் படங்களை நிராகரித்திருந்தது. ஜூன் 28இல் கல்யாணம்; ஜூலை 19இல் பிரான்ஸ், பிரஷ்யாவின் மீது போர் அறிவித்தது. சில மாதங்களுக்குள் மொனே இலண்டன் போய்விட்டார். படத்தில் போரின் சாயலே இல்லை. இது தப்பியோடல் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படிப் படவில்லை. நிலைக்காத ஒரு பகலை அது போவதற்குள் பிடிக்கப் பார்த்த கையின் அவசரமே அந்தத் தீற்றல்களில் இருக்கிறது. நேர்த்தியாக முடித்திருந்தால் அந்த அவசரம் அழிந்துபோயிருக்கும்.

எங்கட புதுக்கவிதைக்காரர்கள் இந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். வரியை உடைத்து, சொல்லை விட்டுவிட்டால் கவிதை தானாக வந்துவிடும் என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. மொனே விட்டது, நன்றாகப் பார்த்த பிறகு. பார்க்காமலே விடுவது வேறு. அது வெறும் இடைவெளி.