நெற்றியிலிருந்து இறங்கிய மூக்கு

லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ 1794இல் வெளியிட்ட கவாஸ்ஜியின் படம் எனக்கு அலுப்பதே இல்லை. ஆங்கிலேயப் படைக்கு வண்டிமாடு ஓட்டியவர்; திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கறுபட்டவர். புனே அருகே செங்கல் செய்யும் சமூகத்தவர் ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார்.

மெழுகுத் தகட்டை மூக்கு இருந்த இடத்தில் பொருத்தி அளவெடுத்து, தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு வரைகிறார். கோட்டோடு தோலை உரித்தாலும் முழுக்க அறுத்துவிடவில்லை. புருவங்களுக்கு நடுவே சிறு பட்டையை விட்டுவைத்து, தோலை அரைச்சுற்றுத் திருப்பிக் கீழே இறக்குகிறார். தோல் புது இடத்தில் ஒட்டும்வரை ரத்தம் அந்தப் பட்டை வழியாகத்தான் வரும். அதை அறுத்தது சுமார் 25ஆம் நாள்! அந்தப் பொறுமையைத்தான் நான் கொண்டாடுவேன்.

1814இல் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ லண்டனில் இதே முறையைக் கையாண்டார். புற்றுநோய் அரித்த மூக்குக்கு இன்றும் நெற்றித் தோல் கைகொடுக்கிறது. உள்ளே தாங்க, காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு.