பூமரின் கைகள்

யார் துரோகி என்பதைக் கடைசிவரை மறைத்து, முடிவில் திரையை விலக்கித் திகைக்கவைப்பது தொலைக்காட்சித் தொடர்களின் வழக்கம். ரொனால்ட் டி. மூரின் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’, பூமர் என்ற இளம் விமானியின் கதையில் இதைத் தலைகீழாகச் செய்கிறது. 2003இல் வந்த குறுந்தொடரின் இறுதியிலேயே, அவள் மனித உருக்கொண்ட சைலான் இயந்திரம் என்று நமக்குக் காட்டிவிடுகிறது. அவள் பணிபுரியும் விண்கப்பலில் எவருக்கும் அது தெரியாது. அவளுக்கே தெரியாது. அந்த நொடியிலிருந்து நம் கேள்வி மாறிவிடுகிறது. ‘யார்’ என்று தேடுவதை விட்டு, ‘ஐயோ, இவள் என்ன பாடுபடப் போகிறாள்’ என்று பதைக்கத் தொடங்குகிறோம்.

தண்ணீரை மையமாகக் கொண்ட அத்தியாயத்தைப் பாருங்கள். பூமர் தன்னினைவு திரும்பும்போது உடலெல்லாம் நனைந்திருக்கிறது. பையைத் திறந்தால் வெடிபொருள். கப்பலின் தண்ணீர்த் தொட்டிகள் தகர்கின்றன. பிறகு நீர் தேடிப் பறப்பவளும் அவளே. கருவி நீரைக் காட்டுகிறது. சொல்ல வாயெடுத்தால் வார்த்தை வரவில்லை. உள்ளே ஏதோ தடுக்கிறது. போராடித்தான் சொல்கிறாள். தொட்டியை உடைத்தவளே நீரையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறாள். கிரேஸ் பார்க்கின் முகத்தில் அந்த இழுபறி முழுவதும் வசனமின்றி ஓடுகிறது.

இந்தத் தொடரில் உயிர்களுக்குக் கணக்கு உண்டு. சைலான்களின் தாக்குதலால் மனித இனத்துக்கு நேர்ந்த பேரழிவில் தப்பியவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். அதிபர் லாரா ரோஸ்லின் அந்த எண்ணைப் பலகையில் எழுதிவைத்து, சாவு நேரும்போதெல்லாம் குறைக்கிறார். ‘33’ என்னும் அத்தியாயத்தின் முடிவில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வர, ஒன்றைக் கூட்டுகிறார். அந்த ஒன்று எவ்வளவு பெரிய எண் என்று அவர் முகம் சொல்கிறது.

அப்படியானால் பூமரின் சாவை எந்தக் கணக்கில் எழுதுவது? முதல் பருவத்தின் முடிவில், தன்னை மகளைப்போல் நடத்திய தளபதி அடாமாவைச் சுடுகிறாள். சுட்டதும் அவள் கண்ணில் தெரிவது வெற்றியன்று, குழப்பம். இரண்டாம் பருவத்தில், காவலோடு நடத்திச் செல்லப்படும்போது, கூட்டத்திலிருந்து வரும் கேலி என்ற பெண் அவளைச் சுட்டுவிடுகிறாள். காதலன் டைரலின் கைகளில் சாய்ந்து, அன்பைச் சொல்லிவிட்டுக் கண்மூடுகிறாள். சைலான்கள் இறந்தால் வேறோர் உடலில் விழித்தெழுவார்கள். ஆனாலும் இந்தச் சாவின் கனம் அணுவளவும் குறையவில்லை. டைரல் இழந்தது அவன் அறிந்த அந்தப் பெண்ணை அல்லவா!

குண்டுக் காயம் ஆறிவரும் அடாமா பிணவறைக்கு வருகிறார். தன்னைச் சுட்டவளின் உடலைப் பார்த்து, ‘ஏன்?’ என்று கேட்டு அழுகிறார். எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் இதைக் கோபத்தின் சாயலின்றி, பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனாகவே நடிக்கிறார். பலகையில் இடமில்லாத ஓர் உயிருக்கு இந்தக் கண்ணீர்தான் கணக்கு. ரகசியம் முன்பே நமக்குத் தெரிந்திருந்ததால்தான் அவர் கேள்விக்கு நம்மிடம் விடை இருக்கிறது. சொல்ல வழிதான் இல்லை. திடுக்கிடவைக்கும் கதை ஒருமுறைதான் திடுக்கிடவைக்கும். இந்தக் கதை முடிவு தெரிந்த பின்னும் ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பிசைகிறது.