பூச்சி கிளம்புகிற நேரம்

ஊருக்குப் போன் போட்டு மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். மூன்று பேருமே கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மீன்?" ஏழு தொட்டது, நாலு படகு வரைக்கும் வந்தது, வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒன்று என்றதும் அவர்கள் குரலில் ஒரு இரக்கம் வந்துவிட்டது. "சரி விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று ஆறுதல் வேறு. ஐயா, எனக்கு ஆறுதல் வேண்டாம். ஐம்பது வருஷத் தூண்டில் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததே இல்லை. விரல் நுனி இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது, இருந்தாலும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இடம், அயர்லாந்தின் மேற்குப் பக்கம், காரிப் ஏரி. கால்வே நகரத்தில் என் மைத்துனன் நர்ஸாக இருக்கிறான். அவன் வீட்டுக்கு இரண்டு மாதம் வந்திருக்கிறோம். வந்த மூன்றாம் நாளே வீட்டுக்குள் அடைந்து கிடந்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, "அத்தான், உங்களுக்கு மீன் பிடிக்கிறதுன்னா உயிராச்சே, ஏரிக்குப் போவமா?" என்றான். அயர்லாந்து தீவிலேயே இரண்டாவது பெரிய ஏரி இது. 176 சதுர கிலோமீட்டர். கரையில் நின்று பார்த்தால் கடல் என்றுதான் சொல்வீர்கள். வடக்கிலும் மேற்கிலும் கானமாரா மலைகள் கறுத்து நிற்கின்றன, கிழக்குப் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் பூமி. அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர்தான் இங்கே பூச்சிக்கும் மீனுக்கும் தாய்ப்பால்.

நாங்கள் போனது மார்ச் மாதத்தின் நடுவில். இந்த ஊர்க்காரர்கள் பிப்ரவரி 1, பிரிஜிட் புனிதரின் நாளிலேயே வசந்தம் வந்துவிட்டது என்று சாதிக்கிறார்கள். நான் ஐந்து அடுக்குத் துணிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். வசந்தத்துக்கு ஒரே சாட்சி, ஏரிக்கரைப் புதர்களில் ஆவாரம்பூ மாதிரி மஞ்சளாய்ப் பூத்துக் கொட்டும் ஒரு முள்செடிதான்.

முதல் ஆச்சரியம், நேரம். நம் ஊரில் தூண்டில் என்றால் கோழி கூப்பிடும் முன்னே எழுந்து ஓட வேண்டும். இங்கே பத்து மணிக்கு வந்தால் போதும் என்று படகுக்காரர் சொல்லிவிட்டார். ஊக்டரார்டு என்கிற சின்ன ஊரின் படகுத்துறையில் அவர் நின்றுகொண்டிருந்தார். இப்படி மீன்பிடிக்கக் கூட்டிப்போகிற ஆளுக்கு இங்கே பெயர் 'கில்லி'. சத்தியமாக. நான் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அறுபத்தெட்டு வயது, தேக்கு மாதிரி உடம்பு, என் முழு நாளுக்கும் சேர்த்து முப்பது வார்த்தை பேசியிருப்பார். பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு நாக்கு எழவில்லை. "அண்ணாச்சி" என்றேன். மைத்துனன் அர்த்தம் சொன்னதும் மனுஷன் முகத்தில் லேசாய் ஒரு சிரிப்பு. அன்று முழுக்க அண்ணாச்சிதான்.

பத்தொன்பது அடி மரப்படகு. பலகைமேல் பலகை ஏறி உட்கார்ந்த மாதிரி கட்டியிருந்தார்கள், பின்னால் ஒரு சின்ன மோட்டார். உயிர்காப்பு அங்கி போடாமல் இந்த மாதிரிச் சின்னப் படகில் ஏறுவது சட்டப்படியே குற்றம், போட்டுக்கொண்டோம். ஏரியில் நாளுக்கு ஒன்றாக 365 தீவு இருப்பதாக இங்கே ஒரு பேச்சு. எனக்குப் பயம் தந்தவை தீவுகள் அல்ல, தீவாக மனசில்லாமல் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே ஒளிந்திருக்கும் பாறைகள். அண்ணாச்சி அவற்றுக்கு நடுவே தெருவில் சைக்கிள் விடுகிற மாதிரி படகை வளைத்துக்கொண்டு போனார்.

நான் பழகியது எங்கள் ஊர் வாய்க்கால், மருதூர் மேலக்கால். மூங்கில் கழி, தங்கூசி, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, சிரட்டையில் மண்புழு. தக்கை முங்கியதும் ஒரே சுண்டு, கெண்டை தலைக்கு மேலே பறந்து பின்னால் புல்லில் விழும். இங்கே கையில் கொடுத்தது பதினோரு அடிக் கம்பு. புழு கிடையாது, தக்கை கிடையாது. சேவல் இறகையும் பட்டு நூலையும் கம்பளி முடியையும் சுற்றிச் செய்த மூன்று பொய்ப்பூச்சிகள், ஒரே நரம்பில் இடைவெளிவிட்டு. ஒன்று கறுப்பு உடம்பில் இடுப்புக்கு மட்டும் சிவப்புத் துண்டு கட்டியது, பிபியோ. இன்னொன்று அழுக்குப் பச்சை. மேலே இருந்தது ஒயின் நிறத்தில் மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்ற கிளாரட் பம்பிள். அதை உருவாக்கியவர் கிங்ஸ்மில் மூர், அயர்லாந்து உச்ச நீதிமன்ற நீதிபதி. தீர்ப்பு எழுதுகிற கையால் பூச்சி கட்டியிருக்கிறார், 1960-ல் மீன்பிடிப்பைப் பற்றிப் புத்தகமும் போட்டிருக்கிறார். எனக்கு அந்த நீதிபதியைப் பார்க்காமலே பிடித்துவிட்டது.

மோட்டாரை அணைத்துவிட்டுப் படகைக் காற்றுக்குக் குறுக்கே விட்டார் அண்ணாச்சி. காற்று தள்ளுகிற போக்கில் படகு பக்கவாட்டில் நகரும், நாம் முன்னால் வீசிக்கொண்டே போக வேண்டும். வீசுவதுகூட நம் மாதிரி இல்லை. ஈயக்குண்டு கிடையாது, கயிறுதான் கனம். அந்தக் கயிற்றைப் பின்னால் விரித்து, ஒரு மூச்சு நிறுத்தி, முன்னால் விட வேண்டும். முதல் அரைமணி நேரம் நான் பிடித்தவை: என் தொப்பி, மைத்துனனின் தோள், படகின் விளிம்பு. பிறகு கைக்கு ஏதோ பிடிபட்டது. பூச்சி விழுந்ததும் மெல்ல இழுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கம்பை உயர்த்தி, மேலே உள்ள பூச்சி அலைமேல் தத்தித் தத்தி வருகிற மாதிரி செய்ய வேண்டும். செய்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஆலங்கட்டி பெய்தது, வெயில் அடித்தது, மறுபடியும் மழை. அண்ணாச்சி மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குக் காத்திருக்கோம்?" என்று மைத்துனனைக் கேட்டேன். "பூச்சிக்கு அத்தான்" என்றான்.

அந்தப் பூச்சிக்கு இங்கே 'டக் ஃப்ளை' என்று பேர். பார்த்தால் சாட்சாத் கொசு, ஆனால் கடிக்காது. இதன் புழு ஏரியின் அடிச்சேற்றில் கிடக்கிறது, இரத்தச் சிவப்பாக. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கடையில் 'பிளட் வார்ம்' என்று வாங்குகிறார்களே, அதே குடும்பம். நம் இரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின்தான் அதற்கும் அந்தச் சிவப்பைத் தருகிறது. காற்றே இல்லாத சேற்றில் மூச்சுவிட அது உதவுகிறது. குளிர்காலம் முழுக்க அப்படிக் கிடந்துவிட்டு, மார்ச் நடுவில் தண்ணீர் கொஞ்சம் சூடு கண்டதும் கூட்டுப்புழுவாகி, ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் மேலே ஏறுகிறது. மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வர அதற்குச் சில நொடிகள் வேண்டும். தண்ணீரின் தோலுக்குக் கீழே மாட்டிக்கொண்ட மாதிரி தொங்கும். அந்தச் சில நொடிகள்தான் டிரவுட் மீனுக்குப் பந்தி. பனிக்காலம் முழுக்க அரைப் பட்டினி கிடந்த மீன் அல்லவா!

பன்னிரண்டேகாலுக்கு அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். விரலை நீட்டினார். ஒரு தீவின் காற்று மறைவில், இலை விடாத மரங்களுக்கு மேலே, அடுப்புப் புகை மாதிரி ஒரு தூண் எழுந்து நின்றது. புகை இல்லை. பூச்சி. ஒரு தூண், இரண்டு, ஐந்து. காதை வைத்துக் கேட்டால் தம்பூராவை எங்கோ தூரத்தில் மீட்டுகிற மாதிரி ஒரு ரீங்காரம். தண்ணீரைப் பார்த்தால், ஐயோ, அதுவரை செத்துக் கிடந்த ஏரியில் அங்கொரு முதுகு, இங்கொரு வாலசைவு, எண்ணெய் சொட்டு விழுந்த மாதிரி வட்டம் வட்டமாய். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அந்தப் பூச்சிகளுக்கே கேட்டிருக்கும்.

வீசினேன். பூச்சி அலைமேல் தத்தி வந்தது. பக்கத்தில் தண்ணீர் லேசாய்ப் புடைத்தது. ஐம்பது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? சுண்டினேன், மருதூர்க் காலில் சுண்டுகிற சுண்டு. பூச்சி மூன்றும் என் முகத்துக்கே திரும்பி வந்தன. மீன் போயே போச்சு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். அண்ணாச்சி அப்போதுதான் வாயைத் திறந்தார். "இழுக்காதீங்க. தூக்குங்க." அவ்வளவுதான். மீன் பூச்சியை வாயில் வாங்கித் தலையைக் கீழே திருப்பும். திரும்பட்டும். நாம் கம்பை, தூங்குகிற பிள்ளையைத் தோளுக்கு மாற்றுகிற மாதிரி, மெல்லத் தூக்க வேண்டும். மீன் தன்னைத்தானே மாட்டிக்கொள்ளும்.

கேட்க எளிது. கண்ணெதிரே, படகிலிருந்து இரண்டு முழ தூரத்தில், தங்க நிறத்தில் ஒரு விலா புரள்கிறபோது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய தவம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். நாலாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு "முருகா" என்று முழுசாய்ச் சொல்லிவிட்டுத் தூக்கினேன். கம்பு வில்லாய் வளைந்தது.

அந்த இரண்டு நிமிஷத்தை நான் எப்படிச் சொல்ல? கயிறு விரல் வழியே வழுக்கிக்கொண்டு ஓடியது. மீன் நேராகக் கீழே குத்தியது, பிறகு படகுக்கு அடியில் புகுந்தது, திடீரென்று இரண்டடி உயரம் எம்பிக் குதித்துத் தலையை உதறியது. நான் கத்தினேன். மைத்துனன் கத்தினான். அண்ணாச்சி வலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, மாடு தானாகத் தொழுவத்துக்கு வரும் என்று நிற்கிற ஆள் மாதிரி நின்றார். வந்தது. பதினைந்து அங்குலம். வயிறு வெண்ணெய் உருக்கின மஞ்சள், முதுகு தேன், உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி, நடுநடுவே வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி. பண்ணையில் வளர்த்து விட்டதில்லை, ஏரிக்கு வரும் ஓடைகளின் கூழாங்கல்லில் பிறந்து தானாக வளர்ந்தது. கையில் பிடித்தபோது அந்தக் குளிரும் அதற்குள் துடித்த உயிரும்! தண்ணீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றி, கையைத் தளர்த்தினேன். ஒரு கணம் உள்ளங்கைமேலேயே நின்றது, பிறகு இல்லை. விட்டுவிட்டோமே என்று வருத்தம் வரும் என எதிர்பார்த்தேன், வரவேயில்லை.

ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தூண்கள் கலைந்தன, ஏரி பழையபடி வாயை மூடிக்கொண்டது. என் கணக்கில் நாலு. இங்கே ஒரு நாளைக்கு ஒருவருக்கு நாலு மீன்தான் எடுத்துப்போகலாம், அதுவும் 13 அங்குலத்துக்குக் குறைந்தால் தொடக்கூடாது. டிரவுட்டுக்கு லைசன்ஸ் கிடையாது என்பதை நம்பவே எனக்கு நேரம் பிடித்தது. குழம்புக்கு ஒன்று போதும் என்று கடைசி மீனை மட்டும் வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு இஞ்சகாய்ல் தீவில் ஒதுங்கினோம். இங்கே ஒரு பழக்கம், ஏரிக்குப் போனால் தீவில் இறங்கித் தேநீர் வைக்காமல் திரும்பக்கூடாது. அண்ணாச்சி ஒரு விசித்திரமான கெட்டிலை எடுத்தார். இரட்டைச் சுவர், நடுவில் புகைபோக்கி. சுவருக்குள் தண்ணீர், நடுவில் சுள்ளி. பக்கத்து மேயோ பகுதியில் 1890களில் பிறந்த யுக்தியாம். ஊதுகிற காற்றில் தீ குபுகுபுவென்று ஏற, நாலைந்து நிமிஷத்தில் கொதித்துவிட்டது. என் தங்கமான மனைவி கட்டிக்கொடுத்த புளிசாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் அண்ணாச்சிக்கு ஒரு பங்கு வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டு, கண் கலங்கி, மூக்கைத் துடைத்து, இன்னொரு வாய் கேட்டு வாங்கினார்.

தீவுக்குள் இடிந்த பழைய மடாலயத்தின் அருகே ஒரு கல் நிற்கிறது. அசப்பில் நம் ஊர் நடுகல். லத்தீன் எழுத்தில் 'மெனுவே மகன் லுகுவேடன் கல்' என்று பொறித்திருக்கிறார்கள். அயர்லாந்தில் லத்தீன் எழுத்தில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் அது ஒன்று. அதன் வடிவத்தைப் பாருங்கள், படகின் சுக்கான் மாதிரியே இருக்கிறது. லுகுவேடன் பேட்ரிக் புனிதருக்குச் சுக்கான் பிடித்தவன் என்று ஒரு கதையும் உண்டு. புனிதர்களையும் ஒரு கில்லிதான் கரைசேர்த்திருக்கிறான்.

இந்த ஏரியின் வடக்கே காங் என்கிற ஊரில் இன்னொரு வேடிக்கை. மேலே உள்ள மாஸ்க் ஏரியையும் இதையும் இணைக்க 1848-ல் பஞ்ச காலத்தில் கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள். தண்ணீர் விட்டால் சுண்ணாம்புக்கல் பூமி குடித்துவிட்டது. வெட்டின கால்வாய் இன்றும் காய்ந்து கிடக்கிறது. மாஸ்க் தண்ணீர் தன்பாட்டுக்குப் பூமிக்கு அடியில் நடந்து காரிப்புக்கு வந்துகொண்டிருக்கிறது. அண்ணாச்சி இதைச் சொல்லும்போது மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

குளிரைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். மூன்று மணிக்கு மேல் என் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை, பூச்சி மாற்ற ஒரு முடிச்சுப் போட ஐந்து நிமிஷம் ஆனது. கூலியும் கொஞ்சநஞ்சமில்லை, அதை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டேகால் மணிக்கு நான் என் காதுத் தோட்டையே கழற்றிக் கொடுத்திருப்பேன், தோடு போட்டிருந்தால்.

மீனை அறுத்தபோது சதை இளஞ்சிவப்பாக இருந்தது. ஏரியின் குட்டி இறால் வகைகளைத் தின்பதால் வருகிற நிறம் என்றான் மைத்துனன். திருநெல்வேலிப் பக்குவத்தில் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள் என் மனைவி. ருசி எப்படி என்றால், நான் பேசாமல் சாப்பிட்டேன், அது போதும்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மெதுவாக ஆரம்பித்தேன். பூச்சி கிளம்புவது மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரைதான், அடுத்த வருஷமும் இதே சமயத்தில் வந்தால் பிள்ளைகளுக்கும் சந்தோஷமாக இருக்கும், என்று.

"பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு யாரு போறது?"

"அதுக்குத்தான் உன் தம்பிகிட்ட காலண்டர் கேட்டிருக்கேன். உத்திரம் முன்னாடி வந்தா, பொங்கல் வச்ச மறுநாளே கிளம்பிரலாம்."

"பின்னாடி வந்தா?"

"பின்னாடி வந்தா…" என்று தாடையைச் சொறிந்தேன். தம்பிக்காரன் சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டான்.