அணையும் மிதவையும்

அஸ்வான் உயர் அணைக்கு உதவுவதாகக் கூறிய அமெரிக்காவும் பிரிட்டனும் 1956 யூலையில் கைவிரித்தன. நாஸர் சூயஸ் கால்வாயைத் தேசியவுடைமையாக்கினார். 1958இல் சோவியத் யூனியன் அணைக்குக் கடன் வழங்க முன்வந்தது. ஏகாதிபத்தியத்துக்கு இது தக்க விடையென முற்போக்காளர் கொண்டாடியதில் தவறில்லை.

ஆயின், 1959 முதல் 1964 வரை எகிப்தியக் கம்யூனிஸ்டுகள் நாஸரின் சிறைகளில் வாடினர். மாஸ்கோவின் கடனும் எந்திரங்களும் அப்போதும் வந்துகொண்டேயிருந்தன.

நூபியரும் கம்யூனிஸ்டுமான முகம்மது கலீல் காசிம் சிறையிலிருந்து எழுதிய நாவல் 'ஷமந்தூரா'. 'மிதவை' என்பது அப்பெயரின் பொருள். நூல் 1968இல் வெளிவந்தது. 1933இல் பழைய அஸ்வான் அணை உயர்த்தப்பட்டபோது நீரில் மூழ்கிய நூபியரின் வாழ்வே அதன் கரு. உயர் அணைக்காக 1963–64இல் எகிப்திய நூபியர் ஏறத்தாழ 50,000 பேர் கொம் ஒம்போவுக்குப் பெயர்க்கப்பட்டதை அறிந்தோர், இதனைப் பழங்கதையெனப் படித்தல் இயலாது.

அணை வேண்டாமென்பது நம் வாதமன்று. அது வெள்ளத்தைத் தடுத்தது, மின்சாரம் தந்தது. ஆனால், அரசுகளின் நட்பு வேறு; மக்களின் தோழமை வேறு. உதவியின் கணக்கை எழுதுவோர் இழந்தவர்களையும் அதிற் சேர்த்தல் வேண்டும். சிறையிலிருந்தும் தன் மக்களை மறவாத காசிமின் நேர்மையே முற்போக்கு இலக்கியத்துக்கு உரைகல் என்போம்.