கால்பங்கும் முக்கால்பங்கும்: இணையத் தமிழ்ப் பாடங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் தமிழ் உண்டு. மற்றப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வீடுதான் தமிழ்ப் பள்ளி. நல்ல வேளையாக, இன்று பாடத்துக்குப் பஞ்சமில்லை. கணினியைத் திறந்தால் பாட்டு, படம், கதை என்று கொட்டிக் கிடக்கின்றன. எங்கள் முனிர்காவில் இவற்றை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் பலர். ஆனால் ஓராண்டு கழித்துச் சிலர், "இவனுக்குத் தமிழ் வரலைங்க, விட்டுட்டோம்" என்கிறார்கள். பிள்ளைக்கு வரவில்லையா, பாடத்தில் குறையா என்று நிறுத்துப் பார்த்தவர் குறைவு. அடியேன் கல்லூரி வாசலை மிதிக்காத வணிகன். ஆனால் நிறுத்துப் பார்ப்பது என் தொழில். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

கல்வியை நிறுக்க நம்மிடம் ஒரு பழைய தராசு இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பாயிரத்தில் கல்வியைப் பங்கு பிரிக்கிறது. ஆசிரியர் சொன்னதை முழுதும் வாங்கிக்கொண்டாலும் கால்பங்குதான் கிட்டும். உடன் படிப்பவரோடு பழகினால் இன்னொரு கால். தானே பிறருக்கு எடுத்துச் சொன்னால்தான் மீதி அரை.

இது வெறும் பழம்பெருமை இல்லை. 2006-இல் அமெரிக்க உளவியலாளர் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். வாங்கிக்கொள்வது வேறு, திருப்பிக் கொடுப்பது வேறு.

இந்தத் தராசில் நம் பாடங்களை வைப்போம். 2001-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், மழலைக் கல்வி என்ற பெயரில் பாடல், கதை, உரையாடல், எண், எழுத்து எல்லாம் இலவசமாகத் தருகிறது. ஊரை விட்டு வந்த நமக்கு அது பெரிய கொடை. ஆனால் பிள்ளை கேட்கிறது, பார்க்கிறது. அது நன்னூல் சொன்ன முதல் கால்பங்கு. பிள்ளை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் பொறுப்பு வீட்டில் இருப்பவருக்குத்தான்.

தில்லிப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியில் ஓசைக்கு ஓர் எழுத்து என்று பழகிய கண்ணுக்கு, நம்முடைய ஒரே 'க' குழப்பம் தருகிறது. பக்கம், பங்கு, பகல் மூன்றிலும் அதே எழுத்து, ஓசை மூன்று. இரட்டித்தால் வன்மை, மெல்லினத்துக்குப் பின்னால் வேறு, இரு உயிர்களுக்கு நடுவே மென்மை. 'க' என்றால் 'கப்பல்' என்று படம் காட்டி நிறுத்திவிடும் பாடம் இந்த நுட்பத்தைத் தொடுவதே இல்லை. இடத்தை வைத்து ஓசையைச் சொல்லிக்கொடுத்தால் விளங்கிவிடும்.

காலமும் வேண்டும். ஆங்கில எழுத்து 26, நமக்கு 247. கன்னடம் படிக்கும் குழந்தைகளை ஆராய்ந்து சொனாலி நாக் 2007-இல் வெளியிட்ட கட்டுரை, அந்த எழுத்து முறையை முழுதாக வசப்படுத்தத் தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் பிடிக்கும் என்று காட்டியது. கன்னடத்தைப் போலவே மெய்யும் உயிரும் கூடி எழுத்தாகும் தமிழுக்கு மட்டும் ஓராண்டு கெடு வைத்துவிட்டுப் பிள்ளையைக் குறை சொல்வது எப்படி நியாயம்?

வயதை வைத்துப் பாடம் கொடுப்பதும் பொருந்தாது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பிரித்தது. பிரதம் நிறுவனம் வட இந்தியாவில் இப்படி நிலைபார்த்துக் கற்பித்ததைப் பொருளியலாளர்கள் பலமுறை ஒப்பிட்டுச் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையானாலும் அரும்பில் தொடங்குவதில் வெட்கம் எதற்கு? பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலையிலிருந்து கொடுங்கள்.

ஆகவே, எந்தப் பாடத்தையும் வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். முன்பின் பார்க்காத சொல்லைப் பிள்ளை கூட்டி வாசிக்கிறதா? வீட்டில் பேசும் 'வந்துச்சு'வும் ஏட்டில் உள்ள 'வந்தது'வும் ஒன்றே என்று பாடம் சொல்லித்தருகிறதா? இன்று படித்ததை நாளை பார்க்காமல் எழுதச் சொல்கிறதா? மூன்றும் இல்லையென்றால், எத்தனை வண்ணப்படம் இருந்தாலும் அது எடை குறைந்த சரக்குதான்.

மீதி அரைப்பங்குக்கும் வழி இருக்கிறது, செலவே இல்லாமல். நம் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரம், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுக்கும் பிள்ளைதான் அதிகம் கற்கும். அதையும் செய்து பார்த்த பிறகு சொல்லுங்கள், பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று.