காறை எலும்புக்கு அடியில் ஓர் ஊசி

2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் 60-க்கும் மேற்பட்டோரைக் காவு கொண்டது. அந்த நஞ்சை ரத்தத்திலிருந்து விரைந்து நீக்குவது டயாலிசிஸ். அதற்குப் பெரிய சிரையொன்றில் குழாய் செருகியாக வேண்டும். மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பிய வாசல்களில் ஒன்று, காறை எலும்புக்கு அடியில் ஓடும் சப்கிளேவியன் சிரை. 1952இல் பிரெஞ்சு மருத்துவர் ஒபானியாக் விவரித்த இந்த முறைக்கு ஸ்கேன் வேண்டாம். தடவிப் பார்க்கும் விரலும் உடற்கூறு அறிவும் போதும்.

காறை எலும்பின் உள்பக்க மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஊசியை நுழைத்துத் தொண்டைக்குழி நோக்கிச் செலுத்துவார்கள். சிரைக்குப் பின்னால் முன் ஸ்கேலீன் தசை. அதன்மேல் இறங்குகிறது மூச்சை இயக்கும் உதரவிதான நரம்பு. தசைக்கும் பின்னால் தமனியும் கைக்குப் போகும் நரம்புப் பின்னலும். ஒட்டினாற்போல் நுரையீரலின் உச்சி.

இந்தச் சிரையை இணைப்புத் திசு எலும்போடு இழுத்துப் பிடித்திருப்பதால், ரத்தம் வற்றிய உடலிலும் அது எளிதில் சுருங்குவதில்லை. கழுத்து, தொடை, காறை எலும்பு என மூன்று இடங்களையும் ஒப்பிட்டு 2015இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், கிருமித்தொற்றும் ரத்தக்கட்டும் இங்கேதான் குறைவு.

ஆனால் அதே ஆய்வில் நுரையீரல் உறைக்குள் காற்று புகுந்தது இங்கே 1.5 விழுக்காடு, கழுத்தில் 0.5 மட்டுமே. தமனியில் குத்திவிட்டால் அழுத்திப் பிடிக்க எலும்பு விடாது. கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையிலிருந்து விரியன் கடித்து, ரத்தம் உறையாமல் வருபவருக்கு இது உயிராபத்து. டயாலிசிஸ் குழாயோ சிரையையே சுருக்கிவிடக்கூடும். பின்னாளில் அந்தக் கையில் டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா அமைப்பது சிக்கலாகும். ஆகவே டயாலிசிஸ் குழாய்க்கு வலப்பக்கக் கழுத்துச் சிரையே முதல் தேர்வு.

கழுத்துச் சிரையில் ஸ்கேன் பார்த்தே ஊசி போடப் பிரிட்டன் 2002இலேயே பரிந்துரைத்தது. நம் நாட்டில் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டப்படி ஸ்கேன் கருவியைப் பதிவு செய்தாக வேண்டும். நினைத்த இடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. சட்டத்தின் நோக்கம் சரியே. ஆனால் அதைக் காரணம் காட்டி அவசரப் பிரிவைக் கருவியின்றி விடக்கூடாது.

விரல்முறை கைவிடத்தக்கதல்ல, மின்சாரமோ கருவியோ இல்லாதபோது அதுவே துணை. ஆனால் ஸ்கேன் இருக்கும் இடத்தில் விரல்முறையை முதல் வழியாக வைத்திருப்பது திறமையல்ல, பிடிவாதம். 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் பிணக்கூறாய்வு மேசையில் இந்த அடுக்குகளைத் தொட்டறியட்டும். நோயாளியிடம் திரையைப் பார்த்தே குத்தட்டும்.