‘ஏனைய காணிகள்’: சட்டச் சொல்லும் சார்புப் பொருளும்

பல பொருள் குறித்த ஒரு சொல்லின் பொருளை வினை, இனம், சார்பு என்பவற்றால் துணியலாமெனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதிப்பர். மாவும் பலாவும் எனின் மா மரமாகும். மாவும் களிறும் எனின் விலங்காகும். ஆங்கிலச் சட்ட மரபின் பொருள்கோடல் விதிகள் இதற்கு அந்நியமானவையல்ல. சிறப்புச் சொற்கள் சிலவற்றை அடுத்து ‘ஏனைய’ என்றொரு பொதுச்சொல் வரின், அது முன்னவற்றின் இனத்துள் அடங்கும் என்பது அவற்றுள் ஒன்று. ஒரு சொல்லை அயற்சொற்களால் அறிக என்பது மற்றொன்று.

இவ்விதிகளின் பயனை வன்னியிற் காணலாம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் விற்கப்பட்ட காலத்தில் எழுந்தது. காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியன என்றது அதன் 6 ஆம் பிரிவு. அக்கராயனை அடுத்த ஸ்கந்தபுரத்தை எண்ணுக. 2008 இல் போர் நெருங்க, கிளிநொச்சியின் மேற்குக் கிராமங்கள் வெறிச்சோடின. வயல்களிற் பற்றை மண்டியது. ‘பயிரிடப்படாத’ என்ற சொல் தனித்து நின்றால் அவ்வயல்களையும் விழுங்கும். காடு, தரிசு என்பவற்றோடு சேர்த்துப் படித்தாலோ, அது நிலத்தின் இயல்பைக் குறிக்குமேயன்றி, உழுதவன் உயிர்தப்பி ஓடிய பருவத்தைக் குறியாது. இப்பொருளே தகும். (அரசே வழங்கிய அனுமதிப்பத்திரக் காணிகளில் இவ்வினா எழாது, இடர் உறுதிக் காணிகளுக்கே.)

பிரிவின் பிற்பகுதி கடினமானது. சேனைகளும், பல ஆண்டு இடைவிட்டே பயிரிடத்தக்க ஏனைய காணிகளும், கண்டி மாகாணங்களுக்கு வெளியே காடு அல்லது தரிசு எனக் கொள்ளப்படும் என்கிறது அது. ‘ஏனைய காணிகள்’ இங்கே சேனையின் இனத்தோடு கட்டுண்டவை. மழை பொய்த்துச் சில போகம் கிடந்த குளத்து வயல் அதனுட் புகாது. ஆயின், சேனையையே காடென்று சட்டம் பெயரிட்டபின், இனவிதி சேனைக்காரனுக்கு யாது செய்யும்? இனத்தை வகுத்தவனே சட்டமியற்றியவன். இலக்கணம் அங்கே கைவிரிக்கிறது.

இது பழங்கதையன்று. 2025 மார்ச் 28 இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான வர்த்தமானி அறிவித்தல், வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதங்களுள் உரிமை கோருமாறும், தவறின் அவை அரசுடைமையாகுமெனவும் கூறியது. கிளிநொச்சிக் காணிகளும் அவற்றுள் அடங்கின. யூனில் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. 1983 மே முதல் 2009 மே வரை வழக்காட இயலாதிருந்தோர்க்கு அக்காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கிலிருந்து நீக்கியது 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம். ‘குடியில்லாத’ என்ற 1840 இன் சொல்லை அச்சட்டம் தொடவில்லை. அதன் பொருள் இன்னமும் நீதிபதியின் வாசிப்பிலேயே தங்கியுள்ளது.